கத்தரி பட்ட பழைய நகைச்சுவைக் குறும்படங்களை மீட்டெடுப்பது: முழுமையான வழிகாட்டி

லாரல்–ஹார்டி நடித்த இரண்டு ரீல் படம் ஒன்றின் மூன்று பிரதிகள் கையில் இருக்கின்றன. ஒன்று 20 நிமிடம் 40 நொடி ஓடுகிறது, இன்னொன்று 19 நிமிடம் 50 நொடி, மூன்றாவது 17 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. எது முழுப்படம்? நீளமானதுதான் முழுப்படம் என்று பலர் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறிப்போக நிறைய வாய்ப்பு உண்டு. முதல் இரண்டும் பிரேம் குறையாத ஒரே படமாக இருக்கலாம். எப்படி என்று இரண்டாம் படியில் பார்ப்போம்.

இந்த வழிகாட்டி 1914 முதல் 1930களின் முடிவு வரை வந்த அமெரிக்க ஒற்றை ரீல், இரட்டை ரீல் நகைச்சுவைப் படங்களைப் பற்றியது. சாப்ளின், ஆர்பக்கிள், கீட்டன், லாரல்–ஹார்டி, தயாரிப்பாளர் ஹால் ரோச்சின் 'அவர் கேங்' (Our Gang) சிறுவர்கள் எல்லாரும் இதில் அடக்கம். படத்தை யார் வெட்டினார், எந்தக் கட்டத்தில் வெட்டினார் என்று தெரிந்துகொள்ளாமல் கணினியைத் திறக்கக் கூடாது. வெட்டு எங்கே நடந்ததோ அதைப் பொறுத்துத்தான் விட்டுப்போன துண்டு உலகில் வேறெங்காவது இருக்குமா என்பதே தெரியவரும்.

படி 1: வெட்டியவர்களை வகை பிரியுங்கள்

முதலாவது, மாநிலத் தணிக்கைக் குழுக்கள். சிகாகோ நகரில் 1907-லேயே காவல்துறை படங்களைப் பார்த்து அனுமதி தரத் தொடங்கிவிட்டது. பென்சில்வேனியா, ஒஹாயோ, கான்சஸ், மேரிலாந்து, நியூயார்க், வர்ஜீனியா என்று குழுக்கள் பெருகின. 1915-இல் ஒஹாயோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சினிமா வெறும் வியாபாரம்தான், பேச்சுரிமைப் பாதுகாப்பு அதற்குக் கிடையாது என்று தீர்ப்பளித்தது. 1952 வரை அந்த நிலை மாறவில்லை. இந்தக் குழுக்கள் கேட்ட வெட்டுகள் பெரும்பாலும் அந்தந்த ஊர் விநியோகப் பிரிண்டில் மட்டும் நடந்தவை. பென்சில்வேனியாவில் போன துண்டு கலிபோர்னியாவில் ஓடிய பிரிண்டில் இருந்திருக்கும். ஆகவே மீட்பவருக்கு இது நல்ல செய்தி. ஏற்றுமதியான பிரிண்டுகளுக்கு அந்தந்த நாட்டிலும் கத்தரி காத்திருந்தது. இந்தியாவில் 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் நகரங்களில் குழுக்கள் அமைந்தன.

இரண்டாவது, ஹாலிவுட்டின் தயாரிப்பு நெறிமுறை, அதாவது திரையில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்ற விதித்தொகுப்பு. 1930-இல் எழுதப்பட்டது. அதை அமல்படுத்திய ஜோசப் பிரீன் கையில் 1934 ஜூலை முதல்தான் அதற்குப் பல் முளைத்தது. அதற்கு முன்பு வந்த படத்தை மறுபடி திரையிட வேண்டுமானால் புதிதாகச் சான்று எண் வாங்க வேண்டும். அதற்காகத் தயாரிப்பு நிறுவனங்கள் மூல நெகட்டிவையே வெட்டின. இதுதான் ஆகக் கொடிய வெட்டு. அதற்குப் பிறகு எடுத்த எந்தப் பிரிண்டிலும் அந்தக் காட்சி இராது. லாரல்–ஹார்டியின் 1930-ஆம் ஆண்டு 'பிளாட்டோ' மதுவிலக்குக் காலத்துக் குடிக் கதை. 1930களின் பிற்பாதியில் மறுவெளியீட்டுக்காகப் புதுப் பின்னணி இசையோடு சுருக்கப்பட்டது.

மூன்றாவது, மறுவெளியீட்டு விநியோகஸ்தர்கள். 1940களில் ஃபிலிம் கிளாசிக்ஸ் நிறுவனம் ஹால் ரோச் படங்களை வாங்கி வெளியிட்டபோது எம்ஜிஎம் நிறுவனத்தின் சிங்கச் சின்னத்தையும் அசல் டைட்டில் கார்டுகளையும் கழற்றிவிட்டுத் தன் கார்டுகளைப் போட்டது. இங்கே தணிக்கை நோக்கம் இல்லை, இழப்பு மட்டும் உண்டு.

நான்காவது, தொலைக்காட்சி. 'அவர் கேங்' என்ற பெயர் எம்ஜிஎம் வசம் இருந்ததால் ரோச் எடுத்த படங்கள் 'தி லிட்டில் ராஸ்கல்ஸ்' என்ற பெயரில் வீடுகளுக்கு வந்தன. 1971-இல் கிங் வேர்ல்டு நிறுவனம் இனக் கேலி உள்ள இடங்களையும் வேறு சில இடங்களையும் வெட்டியது. சில படங்களை முழுதாகவே நிறுத்தி வைத்தது. இந்த வெட்டுகள் 16 மிமீ அகலமுள்ள ஒளிபரப்புப் பிரிண்டுகளைச் சேர்ந்தவை. தியேட்டருக்கான 35 மிமீ மூலங்களை அவை தொடவில்லை. விளம்பரத்துக்கு நேரம் ஒதுக்க நிலைய ஊழியர்கள் தாங்களாகவே நறுக்கியதும் உண்டு.

ஐந்தாவது வெட்டுக்காரருக்குப் பெயரே கிடையாது. அவர் தியேட்டர் ஆபரேட்டர். படம் அறுந்தால் இரண்டு பிரேமை வெட்டிவிட்டு ஒட்டுவார், அவ்வளவுதான். ரசிகர்கள் 'சென்சார் செய்துவிட்டார்கள்' என்று கொதிக்கும் இடங்களில் பெரும்பகுதி இவருடைய கைவேலை. ரீலின் முதல் 50 அடியிலும் கடைசி 50 அடியிலும் மட்டும் தாவல்கள் இருந்தால் சதி எதுவும் இல்லை. தேய்மானம் முதலில் பிடிப்பது அந்த இரண்டு முனைகளைத்தான்.

படி 2: நிமிடத்தை மறந்து அடியில் அளந்து பாருங்கள்

ஓடும் நேரம் ஏமாற்றும், அடிக்கணக்கு ஏமாற்றாது. 35 மிமீ படச்சுருளில் ஓர் அடிக்கு 16 பிரேம், 16 மிமீயில் 40 பிரேம். ஒலிப்பட வேகமான நொடிக்கு 24 பிரேமில் 35 மிமீ நிமிடத்துக்கு 90 அடி ஓடும், 16 மிமீ 36 அடி ஓடும். 35 மிமீ நீளத்தை 0.4-ஆல் பெருக்கினால் அதே படத்தின் 16 மிமீ நீளம் கிடைக்கும்.

பழைய வணிக இதழில் ஒரு படத்தின் நீளம் 1,860 அடி என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒலிப்படமானால் 20 நிமிடம் 40 நொடி. அதன் 16 மிமீ பிரிண்ட் 744 அடி இருக்க வேண்டும். கையில் இருப்பது 690 அடி என்றால் குறைவது 54 அடி, அதாவது 2,160 பிரேம், சரியாக 90 நொடி. ஒரு முழு நகைச்சுவைத் துணுக்கே போயிருக்கிறது என்று பொருள். அளக்கும்போது ரீலின் முனையில் படமில்லாமல் இருக்கும் லீடர் துண்டையும் பிற்காலத்தில் சேர்த்த விநியோகஸ்தர் கார்டுகளையும் கழித்துவிடுங்கள்.

முதலில் சொன்ன 19 நிமிடம் 50 நொடிப் பிரதிக்கு வருவோம். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இருந்த பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையான 'பால்' (PAL) நொடிக்கு 25 பிரேம் ஓட்டியது. 20 நிமிடம் 40 நொடிப் படம் அதில் 4 சதவீதம் வேகமாக ஓடி 19 நிமிடம் 50 நொடியில் முடியும். குரல்கள் ஏறக்குறைய அரைச் சுரம் உயர்ந்து கேட்டால் இதுதான் காரணம். இணையத்தில் சுற்றும் 'வெட்டிய வடிவம்' பட்டியல்களில் கணிசமானவை இந்தக் கணக்கை மறந்ததால் பிறந்தவை.

மௌனப் படங்களில் ஓடும் நேரத்துக்கு இன்னும் மதிப்புக் குறைவு. அதே 1,860 அடி, நொடிக்கு 20 பிரேமில் 24 நிமிடம் 48 நொடி ஓடும்.

படி 3: சுருளை மேசையில் வைத்துப் படியுங்கள்

தேவையானவை: கையால் சுற்றும் ரீவைண்டர் ஒரு ஜோடி, ஒளிப்பெட்டி, 10 மடங்கு உருப்பெருக்கி, பஞ்சுக் கையுறை, மில்லிமீட்டர் போட்ட எஃகு அளவுகோல், அசிட்டேட் சிதைவைக் காட்டும் ஏ-டி தாள்கள். புரொஜெக்டரில் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். 80 வயதான பிரிண்டுக்கு அதுவே கடைசி ஓட்டமாகிவிடலாம்.

ஓரத்தில் 'நைட்ரேட்' (எளிதில் தீப்பற்றும் பழைய படச்சுருள் வகை) என்று அச்சாகியிருந்தாலும், 1951-க்கு முந்தைய 35 மிமீ என்று சந்தேகம் வந்தாலும் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். நைட்ரேட் எரியத் தொடங்கினால் தண்ணீரும் மணலும் அணைக்காது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. சிதைந்த நைட்ரேட் 41 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தானாகப் பற்றக்கூடும். சென்னை வெயிலில் பூட்டிய அறை எளிதாகத் தொடும் சூடு அது. வீட்டில் வைத்திருக்காமல், அனுமதி பெற்ற ஆவணக் காப்பகத்தை அழைத்து ஒப்படைப்பதே வழி. 16 மிமீயும் 9.5 மிமீயும் வீட்டு உபயோகத்துக்கென்று வந்தவை, அவை எளிதில் தீப்பற்றாத 'பாதுகாப்புப் படச்சுருள்'தான், அதாவது அசிட்டேட்.

அசிட்டேட் சுருளில் புளித்த காடி வாசம் வந்தால் ஏ-டி தாளை 24 மணி நேரம் டப்பாவுக்குள் வையுங்கள். நீலமாகவே இருந்தால் கவலையில்லை. பச்சைக்குத் திரும்பினால் சிதைவு தொடங்கிவிட்டது. மஞ்சள் என்றால் வேறு வேலையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு அதை முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். 0 முதல் 3 வரையான அளவீட்டில் 1.5-ஐத் தாண்டியபின் அமிலமே அமிலத்தைப் பெருக்கும். அப்படிப்பட்ட டப்பாவை மற்றவற்றோடு அடுக்காதீர்கள்.

சுருக்கத்தை அளப்பது எளிது. 35 மிமீ பாசிட்டிவில் (பிரிண்டில்) 100 ஓரத்துளைகளின் நீளம் 475 மிமீ இருக்க வேண்டும். 471.2 மிமீ என்றால் 0.8 சதவீதம் சுருங்கிவிட்டது, பல்சக்கரம் உள்ள எந்த இயந்திரத்திலும் மாட்டக் கூடாது. பல்சக்கரம் இல்லாமல் உருளையில் இழுக்கும் ஸ்கேனர்தான் இனி.

ஓரக்குறிகளையும் விடாதீர்கள். கோடக் தன் சுருளில் தயாரிப்பு ஆண்டைக் குறியாகப் போட்டது. 1916-க்கு ஒரு வட்டம், 1917-க்கு ஒரு சதுரம், 1918-க்கு ஒரு முக்கோணம், 1919-க்கு இரு வட்டம். 20 ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்பி வரும். ஒற்றை வட்டம் 1916, 1936, 1956 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். இங்கே ஒரு பொறி உண்டு. நெகட்டிவின் ஓரக்குறியும் பிரிண்டில் அச்சாகி வரும். பிரிண்டின் சொந்தக் குறி கறுப்பாகவும், நெகட்டிவிலிருந்து வந்தது தலைகீழ் நிறத்திலும் தெரியும். இரண்டையும் குறித்தால் எந்த ஆண்டு நெகட்டிவிலிருந்து எந்த ஆண்டு பிரிண்ட் எடுத்தார்கள் என்று சொல்லிவிடலாம். 1934-க்கு முந்தைய குறி உள்ள பிரிண்ட் கிடைத்தால் அது தங்கம்.

படி 4: வெட்டின் கைரேகை

தாவல் தெரியும் ஒவ்வோர் இடத்திலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒட்டு விரலுக்குத் தட்டுப்படுகிறதா? தட்டுப்பட்டால் இந்தப் பிரிண்டிலேயே நடந்த வெட்டு. கண்ணுக்குக் கோடு தெரிந்து விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால், முந்தைய தலைமுறையில், அதாவது இது எந்தச் சுருளிலிருந்து நகலெடுக்கப்பட்டதோ அதில், போட்ட ஒட்டு படமாகப் பதிந்து வந்திருக்கிறது.

அந்த ஒட்டு எவ்வளவு அகலம்? நெகட்டிவ் ஒட்டைத் திரையில் தெரியாதபடி மெல்லிசாகப் போடுவார்கள். பிரிண்ட் ஒட்டு தடிமனாகப் பிரேமுக்குள்ளேயே வந்து உட்காரும். பதிந்து வந்த கோடு தடிமனாக இருந்தால், யாரோ ஒரு வெட்டுப்பட்ட பிரிண்டிலிருந்தே மறுநகல் எடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் மூல நெகட்டிவ் முழுசாக இருக்க வாய்ப்புண்டு.

மூன்றாவது கேள்விதான் ஒலிப்படத்தில் பெரிய சாட்சி: படம் தாவுவதும் ஒலி தாவுவதும் ஒரே நேரத்திலா? 35 மிமீ பிரிண்டில் ஒலித்தடம் அதற்குரிய படத்தைவிட 20 பிரேம் முன்னால் பதிந்திருக்கும், 16 மிமீயில் 26 பிரேம். சுருளை ஒருவர் கத்தரியால் வெட்டி ஒட்டினால் படமும் ஒலியும் சுருளில் ஒரே இடத்தில்தான் அறுபடும். ஆனால் புரொஜெக்டரில் ஒட்டு முதலில் படத்தைத் திரைக்கு அனுப்பும் படவாயிலைக் கடக்கிறது, பிறகுதான் ஒலியைப் படிக்கும் ஒலித்தலைக்கு வருகிறது. அதனால் 35 மிமீயில் படம் தாவி 20 பிரேம் கழித்து, ஏறக்குறைய 0.83 நொடியில், வசனம் விழும். 16 மிமீயில் 26 பிரேம் கழித்து, 1.08 நொடியில் விழும்.

ஆகவே வீடியோ எடிட்டிங் மென்பொருளில் பட வெட்டுக்கும் ஒலி வெட்டுக்கும் இடையே பிரேம்களை எண்ணுங்கள். 26 என்றால் தொலைக்காட்சி நிலையத்திலோ 16 மிமீ வாடகைக் கடையிலோ நடந்தது. 20 என்றால் 35 மிமீ பிரிண்டில் நடந்து, பிறகு 16 மிமீக்குக் குறுக்கப்பட்டது. பூஜ்யம் என்றால் எடிட்டிங் மேசையில் பட நெகட்டிவையும் ஒலி நெகட்டிவையும் தனித்தனியே, யோசித்து வெட்டியிருக்கிறார்கள். நெறிமுறைக் காலத்து மறுவெளியீட்டு வெட்டுகள் பெரும்பாலும் இந்த வகை. படம் தாவும் இடத்திலும் பின்னணி இசை அறுபடாமல் ஓடினால் ஒலியையே மறுபதிவு செய்திருக்கிறார்கள். அங்கே பழைய ஒலித்தடத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும். டிஜிட்டல் பிரதியில் யாராவது ஒலியை நகர்த்திச் சரிசெய்திருந்தால் எண்ணிக்கை பிசகும். ஆகவே ஒரே ரீலில் குறைந்தது நான்கைந்து ஒட்டுகளைப் பார்த்துவிட்டே முடிவு சொல்லுங்கள்.

படி 5: காகிதச் சாட்சி

தணிக்கைக்காரர்கள் ஒரு நன்மை செய்தார்கள். வெட்டியதையெல்லாம் எழுதி வைத்தார்கள். நியூயார்க் மாநில ஆவணக் காப்பகத்தில் 1921 முதல் 1965 வரையான தணிக்கைக் கோப்புகள் இருக்கின்றன; ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களின் வசனப் பிரதிகள். படத்தில் பேசிய ஒவ்வொரு வரியும் தட்டச்சில் இருக்கும். கையிலுள்ள பிரிண்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டால் போன வசனம் தானே வெளியே வரும். மௌனப் படங்களுக்கு, சிகாகோ குழு கேட்ட வெட்டுகளை 1910களில் 'எக்ஸிபிட்டர்ஸ் ஹெரால்டு' வார இதழ் படம் படமாக அச்சிட்டது. அந்த இதழ்களை மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரியில் இலவசமாகப் புரட்டலாம். மூக்கில் கட்டைவிரல் வைத்துப் பழிப்பது, பின்புறத்தில் உதைப்பது, போலீஸ்காரரைக் கேலி செய்வது எல்லாம் அவர்களுக்கு ஆபத்தாகத் தெரிந்திருக்கிறது. இவற்றை எடுத்துவிட்டால், அடிதடி நகைச்சுவைக்குப் பேர்போன கீஸ்டோன் நிறுவனத்தின் படத்தில் என்ன மிஞ்சும் என்பது வேறு கேள்வி.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் காப்புரிமைக்காகக் கொடுத்த கதைச்சுருக்கங்களும் உதவும். விளம்பரப் புகைப்படங்களை மட்டும் எச்சரிக்கையாகப் பயன்படுத்துங்கள். அவற்றைத் தனிப் புகைப்படக்காரர் எடுத்தார். படத்தில் ஒருபோதும் இல்லாத காட்சியின் புகைப்படங்கள் ஏராளம். புகைப்படம் இருப்பதாலேயே காட்சி வெட்டுப்பட்டது என்று எழுதாதீர்கள்.

படி 6: துண்டு எங்கே ஒளிந்திருக்கும்

தேடும் வரிசையை வெட்டுக்காரர் தீர்மானிக்கிறார். 16 மிமீ வெட்டு என்றால் 35 மிமீ மூலத்தைக் கேளுங்கள். மாநில வெட்டு என்றால் வேறு எந்தப் பழைய பிரிண்டும் போதும். நெகட்டிவே வெட்டுப்பட்டது என்றால் வெளிநாடுதான் நம்பிக்கை.

மௌனக் காலத்தில் ஏற்றுமதிக்கென்று இரண்டாவது நெகட்டிவ் வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற இரண்டாவது கேமராவிலோ வேறு டேக்கிலோ எடுத்தது. சாப்ளின் மியூச்சுவல் நிறுவனத்துக்காக எடுத்த 12 படங்களுக்கும் இப்படி இரண்டு நெகட்டிவ் உண்டு. ஒலிக்காலத் தொடக்கத்தில் ஹால் ரோச் ஒரு படி மேலே போனார். லாரலும் ஹார்டியும் ஸ்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன் வசனங்களைக் கரும்பலகையில் பார்த்து உச்சரித்து அதே படத்தைத் திரும்ப நடித்தார்கள். 'பிளாட்டோ'வின் ஸ்பானிய வடிவமான 'லா விடா நொக்டுர்னா' நீளமானது. ஆனால் அது வேறு நடிப்பு. ஆங்கிலப் படத்தின் ஓட்டையை அடைக்கும் உதிரிப்பாகமாக அதை எடுத்துப் பொருத்த முடியாது, காட்சி எப்படி இருந்தது என்று காட்டும் வரைபடமாக மட்டுமே பயன்படும்.

ஆர்பக்கிள் படங்களுக்கு நேர்ந்தது முழுத் தடை. ஒரு நடிகையின் மரணம் தொடர்பான வழக்கில் 1922 ஏப்ரல் 12 அன்று அவரைக் குற்றமற்றவர் என்று நடுவர் குழு விடுவித்தது. ஆறே நாளில் ஹாலிவுட் தயாரிப்பாளர் சங்கத் தலைவர் வில் ஹேஸ் அவர் படங்களைத் தடை செய்தார். டிசம்பரில் தடை நீங்கியும் படங்கள் பெரிதாகத் திரும்பி வரவில்லை. அவருடைய 1918-ஆம் ஆண்டு 'தி குக்' பல பத்தாண்டுகள் காணாமல் போயிருந்து, 1998-இல் நார்வேயின் காப்பகத்தில் கிடைத்தது. பிறகு நெதர்லாந்துப் பிரதியிலிருந்து மேலும் காட்சிகள் சேர்ந்தன. கீட்டனின் 1922 'தி பிளாக்ஸ்மித்' படத்துக்கு வேறு காட்சிகள் கொண்ட வடிவம் இருப்பதை 2013-இல் அர்ஜென்டினாவில் திரைப்பட வரலாற்றாளர் பெர்னாண்டோ பென்யா கண்டறிந்தார். அது பாத்தே நிறுவனத்தின் 9.5 மிமீ வீட்டுப் பிரதி. அகலம் விரற்கடைகூட இல்லாத அந்தச் சுருளை யாரும் மதித்ததில்லை.

தனியார் சேகரிப்புகளை மறக்கவே கூடாது. 1927 டிசம்பர் 31-இல் வெளியான லாரல்–ஹார்டியின் 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி' படத்தின் கிரீம் பை சண்டை, ராபர்ட் யங்சன் 1957-இல் தொகுத்த படத்தில் வந்த சில நிமிடங்களாகவே தெரிந்திருந்தது. இரண்டாம் ரீல் முழுதும் யங்சனிடமிருந்த 16 மிமீ பிரதியாக, கைமாறிய ஒரு சேகரிப்பிலிருந்து 2015-இல் வெளிவந்தது. அறிவித்தவர் படச் சேகரிப்பாளர் ஜான் மிர்சலிஸ். முதல் ரீலின் முடிவில் வரும் காப்பீட்டுக் காட்சி இன்றும் இல்லை. மீட்பில் அந்த இடத்தைப் புகைப்படங்கள் நிரப்புகின்றன.

படி 7: ஷாட் அட்டவணை

கிடைத்த எல்லாப் பிரதிகளையும் ஒரே விரிதாளில் கொண்டுவாருங்கள். ஒரு வரிசைக்கு ஒரு ஷாட். ஒவ்வொரு பிரதிக்கும் முதல் பிரேம் எண், கடைசி பிரேம் எண், மொத்தப் பிரேம், கூர்மை, கீறல், ஓரம் எவ்வளவு நறுக்கப்பட்டது, எந்த நெகட்டிவ் என்ற பத்திகள் வேண்டும். இரட்டை ரீல் படத்தில் 150 முதல் 300 வரிசை வரலாம். சலிப்பான வேலைதான், குறுக்குவழி கிடையாது. இரு பிரதிகளில் ஒரே ஷாட்டின் பிரேம் எண்ணிக்கை 3 வித்தியாசப்பட்டால்கூடக் குறித்துக்கொள்ளுங்கள். ஹார்டி கேமராவைப் பார்த்து முழிக்கும் நேரத்தில் 12 பிரேம் போனால் அரை நொடி போகிறது. சிரிப்பு வரும் இடமே அந்த அரை நொடிதான்.

முதல் நெகட்டிவிலும் இரண்டாம் நெகட்டிவிலும் எடுத்த ஷாட்டுகளை ஒரே காட்சிக்குள் கலக்காதீர்கள். கோணம் சற்று மாறும், நடிகரின் கை வேறிடத்தில் இருக்கும், தட்டு ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தாவும். தவிர்க்க முடியாவிட்டால் காட்சி எல்லையில் மாறுங்கள், மாறியதைப் பதிவு செய்யுங்கள்.

படி 8: ஸ்கேன்

35 மிமீக்கு 4கே (குறுக்கே ஏறக்குறைய 4,000 புள்ளி), 16 மிமீக்கு 2கே (அதில் பாதி) போதும். 16 மிமீயை 4கேயில் எடுத்தால் மணிமணியான துகள்தான் கூடுதலாகத் தெரியும். ஓரத்துளை வரை தெரிய முழு அகலத்துக்கு எடுங்கள். பின்னர் நிலைப்படுத்த அந்தத் துளைகள் உதவும். மௌனப் படச் சட்டகத்தின் இடது ஓரத்தைத்தான் பின்னாளில் ஒலித்தடம் விழுங்கியது. 1932 முதல் வான் பியூரன் நிறுவனம் சாப்ளினின் மியூச்சுவல் படங்களுக்கு ஒலி சேர்த்து வெளியிட்ட பிரதிகளில் இதைப் பார்க்கலாம். ஆகவே கூர்மை குறைந்தாலும் முழுச் சட்டகம் உள்ள பிரதிக்கு மதிப்பு உண்டு.

ஒவ்வொரு பிரேமையும் தனிக் கோப்பாக வைக்கும் 10 பிட் லாக் டிபிஎக்ஸ் (DPX) வடிவில் ஒரு 4கே முழுச் சட்டகம் ஏறக்குறைய 51 எம்பி. 20 நிமிடம் 40 நொடிக்கு 29,760 பிரேம், ஆக ஒரு பிரதிக்கு 1.5 டிபி. மூன்று பிரதி, வேலைக் கோப்பு, காப்புநகல் என்று சேர்த்தால் 10 டிபிக்குக் குறையாது. வட்டு வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

கீறல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். பளபளப்பான அடித்தளப் பக்கத்துக் கீறலை ஈரவாயில் ஸ்கேன் மறைத்துவிடும். அதில் உள்ள திரவத்தின் ஒளிவிலகல் படச்சுருளை ஒத்திருப்பதால் பள்ளம் நிரம்பிவிடுகிறது. படம் பதிந்திருக்கும் எமல்ஷன் பக்கம் சுரண்டப்பட்டிருந்தால் படமே போய்விட்டது, திரவம் உதவாது. முந்தைய தலைமுறையிலிருந்து பதிந்து வந்த கீறலுக்கும் உதவாது.

படி 9: சுத்தம் செய்வதில் தவறுவது எங்கே

நகைச்சுவைப் படத்துக்குத் தானியங்கித் தூசி நீக்கி பெரும் எதிரி. ஒரே பிரேமில் தோன்றி அடுத்த பிரேமில் மறையும் வெள்ளைப் புள்ளியைத் தூசி என்று அது நினைக்கும். தெறிக்கும் கிரீம், பறக்கும் மாவு, தலையணைப் பஞ்சு, உடையும் தட்டின் சில்லு எல்லாம் அதே போலத்தான் நடந்துகொள்ளும். பை முகத்தில் மோதும் ஷாட்டில் நீக்கியை ஓட்டிப் பாருங்கள். கிரீம் துளிகள் காற்றில் கரைந்துபோகும். வேகமாக ஆடும் கையின் விரல்கூடப் போகும். ஆகவே அசைவு குறைந்த ஷாட்டுகளில் மட்டும் தானியங்கி, அடிதடி ஷாட்டுகளில் பிரேம் பிரேமாகக் கைவேலை. நீக்கிய பின் மூலத்தோடு வித்தியாசப் படம் எடுத்து, அதில் மனித உருவத்தின் விளிம்பு தெரிகிறதா என்று சோதியுங்கள். தெரிந்தால் தூசியோடு நடிகரையும் துடைத்திருக்கிறீர்கள்.

நிலைப்படுத்துவதிலும் அளவு வேண்டும். ஓரத்துளைத் தேய்மானத்தால் வந்த ஆட்டத்தை நீக்கலாம். கையால் சுழற்றிய கேமராவின் மெல்லிய துடிப்பு படத்தோடு பிறந்தது, அதை விட்டுவிடுங்கள். தூக்கிப் பறக்கும் ஆளின் கம்பி தெரிந்தால் தெரியட்டும். 1920-இல் பார்த்தவர்களும் பார்த்தார்கள். துகளை மழமழவென்று தேய்த்து முகங்களை மெழுகுப் பொம்மையாக்கும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இணையம் முழுக்க உதாரணம் கிடக்கிறது.

படி 10: ஓட்டையை அடைப்பது

ஒன்று முதல் மூன்று பிரேம் காணாமல் போயிருந்தால், அசைவு சீரான இடத்தில் கணினி இடைப்பிரேம் உருவாக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். அடி விழும் கணத்தில் ஒரு பிரேம்கூட உருவாக்காதீர்கள். பந்து முகத்தில் படுவதற்கு முன்னும் பின்னும் உள்ள பிரேம்களின் சராசரி என்பது பாதி முகமும் பாதிப் பந்துமான பேய்.

முழு ஷாட் இல்லையென்றால் தரம் குறைந்த பிரதியிலிருந்தே எடுத்துப் போடுங்கள். 16 மிமீ துண்டு 35 மிமீக்கு நடுவே மங்கலாகத் தெரியும். ஒளி அளவையும் மாறுபாட்டையும் அருகிலுள்ள ஷாட்டுக்கு ஒத்துப்போகச் செய்யலாம். கூர்மையைப் பொய்யாக ஏற்றக் கூடாது. எதுவுமே இல்லாத இடத்தில் புகைப்படமும், கதைச்சுருக்கத்திலிருந்து எழுதிய விளக்கக் கார்டும் போதும்.

மௌனப் படத்தின் வசனக் கார்டு ஒன்றிரண்டு பிரேம் மின்னிவிட்டுப் போனால் அது வெட்டு இல்லை. இடம் மிச்சம் பிடிக்க நெகட்டிவில் கார்டுக்குச் சில பிரேம் மட்டும் வைத்திருப்பார்கள், பிரிண்ட் எடுக்கும்போது நீட்டிக்கொள்வார்கள். அந்தப் பிரேமை உறைய வைத்து, உரக்க இருமுறை படிக்கும் நேரம் நிறுத்துங்கள். புதிதாக எழுதும் கார்டில் ஒரு மூலையில் சிறிய குறி போடுங்கள். அசல் எது, நாம் சேர்த்தது எது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

படி 11: ஒலி

1929-இன் முதல் பேசும் குறும்படங்களுக்கு ஒலி 16 அங்குல இசைத்தட்டில் இருந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு ரீலுக்கு ஒரு தட்டு, ஊசி உள்ளிருந்து வெளியே போகும். தட்டும் படமும் தனித்தனியே தொலைந்தன. லாரல்–ஹார்டியின் முதல் பேசும் படமான 'அனக்கஸ்டம்டு அஸ் வீ ஆர்' பல ஆண்டு ஊமையாகவே கிடந்தது. தட்டு முழுதாக இருந்து படத்தில் பிரேம் குறைந்தால் ஒத்திசைவு வழுக்கிக்கொண்டே போகும். அப்போது ஒலியை நறுக்காதீர்கள். தட்டுதான் முழு நீளத்தின் சாட்சி. குறைந்த பிரேமுக்குக் கறுப்புப் பிரேம் வைத்து ஒத்திசைவைக் காத்து, பிறகு வேறு பிரதியில் அந்தப் பிரேம்களைத் தேடுங்கள். 1936–37 மறுவெளியீடுகளில் சேர்த்த பின்னணி இசை பலருக்குப் பிடித்தமானது. அதை இரண்டாவது ஒலித்தடமாகக் கொடுங்கள், அசல் முதலில் இருக்கட்டும்.

படி 12: புண்படுத்தும் காட்சிகள்

முகத்தில் கரி பூசிய கேலியும் இன இழிவும் இந்தப் படங்களில் நிறைய. 1971-இல் கத்தரித்தவர்களின் கவலை பொய்யில்லை. பள்ளிப் பிள்ளைகள் மாலையில் தனியே பார்த்த நிகழ்ச்சி அது. ஆனால் மீட்பு மாஸ்டரில் வெட்டு இருக்கக் கூடாது. வெட்டிய பிரதி மட்டும் மிஞ்சினால், அந்தப் படம் அப்படி ஒன்றைச் செய்யவே இல்லை என்று ஆகிவிடும். எந்த ஆண்டு, என்ன வழக்கம், யாரைப் புண்படுத்தியது என்று மூன்று வரிக் கார்டு முன்னால் போடுங்கள். சிறுவர் திரையிடலுக்கு அந்தப் படத்தை எடுக்காமல் விடலாம். தனியாக ஒரு சுருக்க வடிவம் தயாரித்தால் கோப்புப் பெயரிலேயே 'சுருக்கம்' என்று எழுதுங்கள். இல்லையென்றால் இன்னும் 40 ஆண்டில் யாராவது அதை எடுத்து வைத்து 26 பிரேமா 20 பிரேமா என்று எண்ணிக்கொண்டிருப்பார்.

வெளியிடும் முன் உரிமையைப் பாருங்கள். அமெரிக்காவில் இந்தக் காலத்துப் படங்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு, அது முடிந்த அடுத்த ஜனவரி 1-இல் பொதுவுடைமை. உரிமையைப் புதுப்பிக்காமல் விட்டவை முன்பே வந்துவிட்டன. புதிதாகச் சேர்த்த இசைக்குத் தனி உரிமை உண்டு.

மாஸ்டரோடு ஷாட் அட்டவணையை இறுதி வடிவில் வையுங்கள். எந்தப் பிரேம் எந்தப் பிரதியிலிருந்து வந்தது, எவை கணினி உருவாக்கியவை, எந்தக் கார்டு புதிது என்று எண்ணோடு இருக்கட்டும். பயன்படுத்தாமல் ஒதுக்கிய ஸ்கேன்களையும் அழிக்காதீர்கள். நாளை எங்கோ ஒரு வீட்டுப் பரணில் 9.5 மிமீ டப்பா ஒன்று திறக்கும்போது, அதை ஒப்பிட அவைதான் வேண்டியிருக்கும்.